கதவு திறந்திருக்கிறது, குழந்தை எங்கே?

விடியற்காலை ஆறு மணிக்கு ஒரு நீதிமன்றம் கூடியதாக நம்மில் எவரேனும் கேள்விப்பட்டதுண்டா? 1977-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், ஐக்கிய அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலத்தில், ரோஜாத் தோட்டங்களுக்குப் பேர்பெற்ற டைலர் என்னும் ஊரில் அப்படி ஒரு நீதிமன்றம் கூடிற்று. வழக்குத் தொடுத்திருந்தவர்கள் மெக்சிகோவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைப் பெற்றோர். அந்நாட்டில் தங்குவதற்கு உரிய ஆவணங்கள் அவர்களிடம் இல்லை. ஊரார் கண்ணிலும் செய்தியாளர் கண்ணிலும் படாமல் அவர்கள் வந்துபோக வேண்டும் என்பதற்காகவே நீதிபதி வில்லியம் வேய்ன் ஜஸ்டிஸ் அந்த அகால நேரத்தைக் குறித்தார். அவர்களுடைய பெயர்களும் மறைக்கப்பட்டு, 'டோ' என்னும் புனைபெயர் வழக்கேட்டில் இடப்பட்டது. இத்தனை செய்தும் அச்சம் தீர்ந்தபாடில்லை. அன்றைக்கே பிடித்து எல்லைக்கு அப்பால் அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்று, தட்டுமுட்டுச் சாமான்களையெல்லாம் காரில் ஏற்றிக்கொண்டு வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர்.

அவர்கள் வேண்டியதுதான் என்ன? ஊரிலுள்ள மற்றப் பிள்ளைகளோடு தங்கள் பிள்ளைகளும் பொதுப் பள்ளியில் அமர்ந்து படிக்க வேண்டும் என்பதே. அமெரிக்காவில் பொதுப் பள்ளி என்பது மக்கள் வரிப்பணத்தில், கட்டணமின்றி, அந்தந்த வட்டாரக் கல்விக் குழு நடத்தும் பள்ளி. உரிய ஆவணமின்றி நாட்டுக்குள் வந்த பிள்ளைகளின் படிப்புக்கு மாநிலப் பணம் கிடையாது என்றும், அவர்களைச் சேர்க்க மறுக்கப் பள்ளிகளுக்கு உரிமையுண்டு என்றும் டெக்சாஸ் மாநிலம் 1975-இல் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. அதைக் கொண்டு டைலர் கல்விக் குழு, அத்தகைய பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 1,000 டாலர் கட்ட வேண்டும் என்று 1977-இல் அறிவித்தது. தோட்டக் கூலிக்கும் ஆலைக் கூலிக்கும் உழைக்கும் தகப்பன், நான்கு பிள்ளைகளுக்கு நாலாயிரம் டாலருக்கு எங்கே போவான்? அவ்வூர்க் கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுநிலைப் பணியாளர் ஒருவரே அப்பெற்றோரைத் தேடிச் சென்று வழக்கறிஞரிடம் அழைத்து வந்தார் என்பதை ஈண்டுக் குறித்து வைப்பது நம் கடமை.

வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 1982-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள், ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக நின்று நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். ஒரு மாநிலத்தின் அதிகார எல்லைக்குள் இருக்கும் எவருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை மறுத்தலாகாது என்கிறது 1868-இல் இயற்றப்பட்ட அரசியல் சட்டத்தின் பதினான்காம் திருத்தம். 'குடிமகன்' என்று அது கூறவில்லை, 'எவரும்' என்றே கூறுகிறது. இதைச் சுட்டிக் காட்டியவர் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி வில்லியம் பிரென்னன், அவர் கத்தோலிக்கர். பெற்றோர் எல்லை கடந்தது குற்றமேயாயினும், அதைத் தடுக்கும் ஆற்றலில்லாத பிள்ளைமீது அதன் தண்டனையைச் சுமத்துவது நீதியாகாது என்று அவர் எழுதினார். எழுத்தறிவில்லாத ஒரு கீழ்ச்சாதியை நாட்டுக்குள்ளேயே உண்டாக்கி வைப்பதால் நாட்டுக்கு என்ன ஆதாயம் என்றும் வினவினார். மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய தலைமை நீதிபதி பர்கர்கூட, பிள்ளைகளுக்குக் கல்வியை மறுப்பது அறிவுடைமை என்று சொல்லவில்லை. அதைத் தீர்மானிக்க வேண்டியது மக்கள் மன்றமேயன்றி நீதிமன்றமன்று என்பதே அவர் வாதம். வழக்கில் தோற்ற டைலர் பள்ளிக் கண்காணிப்பாளர் ஜேம்ஸ் பிளைலர், தாம் தோற்றதே நல்லதாயிற்று என்னும் பொருள்படப் பிற்காலத்தில் பேசினார். தோல்வியை இவ்விதம் ஏற்கும் மனிதர் அரியர்.

இத்தீர்ப்பு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. கலிபோர்னியா மாநில மக்கள் 1994-இல் வாக்களித்து, ஆவணமற்ற பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து விலக்கும் சட்டமொன்றை நிறைவேற்றியபோது, நீதிமன்றங்கள் அதை நடைமுறைக்கு வர விடவில்லை. 2025 ஏப்ரலில் டென்னசி மாநில மேலவை இதையொத்த முன்வரைவு ஒன்றை நிறைவேற்றியது. அவ்வாண்டு கீழவையில் அது முன்னேறாமல் நின்றது. ஆகவே சட்டப்படி பார்த்தால் பள்ளிக் கதவு திறந்தே இருக்கிறது. பதிவேட்டில் பெயர் எழுத வரும் பிள்ளையிடம் குடியுரிமைத் தாளைக் கேட்டு விரட்ட எந்தத் தலைமை ஆசிரியருக்கும் உரிமையில்லை.

அப்படியானால் பெஞ்சுகள் ஏன் காலியாகின்றன?

இந்தக் கேள்வியை நாம் எழுப்பக் காரணம் உண்டு. வீட்டு வாசலுக்கும் பள்ளி வாசலுக்கும் இடையில் ஒரு சாலை இருக்கிறது. நீதிமன்றம் பள்ளிக் கதவைத் திறந்து வைத்தது. சாலையைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. குடியேற்றத் துறையின் கை வலுக்கும் காலங்களில், பிள்ளைகள் காணாமற்போவது பெரும்பாலும் அந்தச் சாலையில்தான்.

அலபாமா மாநிலத்தில் 2011-இல் நடந்ததைப் பாருங்கள். அவ்வாண்டு அங்கு இயற்றப்பட்ட குடியேற்றச் சட்டத்தின் ஒரு பிரிவு, புதிதாகச் சேரும் பிள்ளையின் பிறப்பையும் குடியேற்ற நிலையையும் பள்ளிகள் விசாரித்துக் கணக்கெடுக்க வேண்டும் என்றது. எந்தப் பிள்ளையையும் வெளியேற்றும்படி அது கட்டளையிடவில்லை. கேள்வி கேட்கும்படி மட்டுமே கூறிற்று. செப்டம்பர் 28-ஆம் நாள் கூட்டரசு நீதிபதி ஒருவர் அப்பிரிவு செல்லும் என்றார். அடுத்த திங்கட்கிழமையன்று அம்மாநிலம் முழுவதும் ஸ்பானிய வழிப் பிள்ளைகளுள் 2,000-க்கும் மேற்பட்டோர் பள்ளிக்கு வரவில்லை. ஏற்கெனவே சேர்ந்து படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் எவரும் எதையும் கேட்கப் போவதில்லை என்று கல்வி அதிகாரிகள் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் பயனில்லை. அக்டோபர் 14-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்பிரிவை நிறுத்தி வைத்தது. கேள்வி கேட்கும் அதிகாரம் நின்றதும் இரண்டே வாரம்தான். ஆனால் அப்பள்ளியாண்டின் தொடக்கத்திலிருந்து 2012 பிப்ரவரிக்குள், ஸ்பானிய வழிப் பிள்ளைகளுள் நூற்றுக்கு 13.4 பேர் பள்ளியிலிருந்து விலகிவிட்டனர் என்று கூட்டரசின் நீதித் துறை கணக்கிட்டது. அச்சட்டத்தை எதிர்த்து மொபீல் பேராயர் தாமஸ் ரோடியும் பர்மிங்காம் ஆயர் இராபர்ட் பேக்கரும், மெதடிஸ்து, எப்பிஸ்கோப்பல் சபைகளின் ஆயர்களோடு சேர்ந்து வழக்குத் தொடுத்தனர். நான்கு ஆயர்கள் ஒரே வழக்குத் தாளில் கையொப்பமிடுவது அடிக்கடி காணக்கூடிய காட்சியன்று. 2013-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அப்பிரிவு நிலையாகத் தடுக்கப்பட்டது. சென்ற பிள்ளைகள் அனைவரும் திரும்பினார்கள் என்று யாரும் கூறவில்லை.

ஓரூரின் கதை மட்டுமன்று இது. தாமஸ் டீ, மார்க் மர்ஃபி என்னும் இரு ஆய்வாளர்கள் 2000 முதல் 2011 வரையிலான பள்ளிச் சேர்க்கைக் கணக்குகளை ஆராய்ந்தனர். குடியேற்றத் துறையின் அதிகாரத்தை உள்ளூர் ஷெரிப்புகளுக்கும் காவலருக்கும் பகிர்ந்தளிக்க 1996-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழி செய்கிறது. அத்தகைய ஒப்பந்தம் செய்துகொண்ட மாவட்டங்களில், இரண்டே ஆண்டுகளுக்குள் பொதுப் பள்ளிகளிலுள்ள ஸ்பானிய வழிப் பிள்ளைகளின் தொகை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்று அவர்கள் கண்டனர். மொத்தத்தில் 3,00,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இடம்பெயர்ந்தனர் என்பது அவர்கள் மதிப்பீடு. தொடக்க வகுப்புகளிலேதான் இக்குறைவு மிகுதி.

ஷெரிப்புக்கும் பள்ளிக்கும் என்ன தொடர்பு என்று நம் வாசகர்கள் வியக்கக்கூடும். அமெரிக்கச் சிற்றூர்களில் நம் ஊரைப்போல் மூலைக்கு மூலை பேருந்து கிடையாது. பிள்ளையைப் பள்ளியில் விடத் தாயோ தந்தையோ கார் ஓட்டியாக வேண்டும். ஆவணமற்றோருக்குப் பல மாநிலங்களில் ஓட்டுநர் உரிமமும் கிடைக்காது. காரின் பின்விளக்கு எரியவில்லை என்று காவலர் ஒருவர் நிறுத்தினாலே போதும். உரிமமில்லை என்பதில் தொடங்கும் விசாரணை நாடு கடத்தலில் முடியக்கூடும். ஆகவே பெற்றோர் பயணங்களைக் குறைக்கின்றனர். ஆலைக்குப் போகாவிட்டால் உணவில்லை; கடைக்குப் போகாவிட்டாலும் உணவில்லை. பள்ளிக்குப் போகாவிட்டால் அன்றைக்கு ஒன்றும் குடிமுழுகிவிடாது என்று தோன்றுகிறது. முதலில் விடப்படுவது அந்தப் பயணமே. தானே நடந்தோ பேருந்தேறியோ போகும் வயதுடைய பிள்ளை ஓரளவு தப்பிக்கிறது; கைப்பிடித்து அழைத்துச் செல்ல வேண்டிய மழலையே வீட்டில் அடைபடுகிறது.

2025 ஜனவரியில் இது மீண்டும் தெரிந்தது. கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கு, ஆரஞ்சும் திராட்சையும் பாதாமும் விளையும் பரந்த வேளாண் நிலம். அங்குள்ள கெர்ன் மாவட்டத்தில் அம்மாதத் தொடக்கத்தில் எல்லைக் காவல் படையினர் வந்து வேளாண் கூலிகளைப் பிடித்தனர். அதன்பின் அவ்வட்டாரத்தின் ஐந்து கல்விக் குழுக்களின் வருகைப் பதிவேடுகளை முன்னர்க் குறிப்பிட்ட தாமஸ் டீ ஆராய்ந்தபோது, நாள்தோறும் வராத பிள்ளைகளின் தொகை நூற்றுக்கு 22 கூடியிருந்தது. முன்பு நூறு பிள்ளைகள் வராதிருந்த இடத்தில் இப்போது நூற்றிருபத்திரண்டு பேர் வரவில்லை என்று இதற்குப் பொருள். மிகுதியாகத் தவறியவர்கள் இங்கும் சின்னஞ்சிறு வகுப்புப் பிள்ளைகளே. அதே ஆண்டு நவம்பரில், வட கரோலினாவின் சார்லட் நகரில் எல்லைக் காவல் படையினர் இறங்கிய சில நாட்களுக்குள், ஒரு திங்கட்கிழமையன்று 30,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் பள்ளிக்கு வரவில்லை. அவ்வூர்ப் பள்ளிகளின் மொத்த மாணவருள் ஐந்தில் ஒரு பங்கு அது.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் கேட்பதே முறை. பள்ளிக்குள் புகுந்து பிள்ளைகளைப் பிடிப்பது தங்கள் நோக்கமன்று என்று அதிகாரிகள் கூறி வந்துள்ளனர். வகுப்பறைக்குள் கைது என்பது உண்மையிலேயே மிக அரிது. பள்ளி, ஆலயம், மருத்துவமனை ஆகிய இடங்களில் நடவடிக்கையைத் தவிர்க்க வேண்டும் என்று 2011-இல் எழுத்து மூலமான ஒரு நெறியே வகுக்கப்பட்டு, 2021-இல் விரிவும் பெற்றது. 2025 ஜனவரியில் அந்நெறி நீக்கப்பட்டது. அடுத்து வந்த ஏப்ரலில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் இரு தொடக்கப் பள்ளிகளுக்குக் கூட்டரசு அலுவலர்கள் சென்று சில பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்றனர். நலம் விசாரிக்க வந்தோம் என்பது அவர்கள் சொன்ன காரணம். இரண்டு பள்ளிகளிலும் தலைமை ஆசிரியர்கள் அவர்களை உள்ளே விடவில்லை. அத்தலைமை ஆசிரியர்களை நாம் அறியோம். ஆயினும் தொப்பியைக் கழற்றி வணங்குகிறோம். ஆனால் ஒன்று. பள்ளிக்குள் ஒரு கைதுகூட நடவாதிருப்பினும் அச்சம் குறைந்துவிடாது. தாய் அஞ்சுவது வகுப்பறையை அன்று; வகுப்பறைக்குப் போகும் வழியையும், மாலையில் தான் திரும்பி வர இயலாதுபோகும் நிலையையும்தான்.

எல்லையைக் காப்பதும் குடியேற்றத்தை ஒழுங்குபடுத்துவதும் அரசின் உரிமை என்பதைத் திருச்சபை மறுத்ததில்லை. வாழ வழியின்றி வருவோரை இயன்ற அளவு ஏற்பது செல்வ நாடுகளின் கடமை என்றும், பொது நலன் கருதி அதற்கு வரையறை வகுக்க அரசுக்கு உரிமையுண்டு என்றும், வந்தவர் அந்நாட்டுச் சட்டத்துக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றும் மறைக்கல்வி நூல் ஒரே பத்தியில் சேர்த்தே கூறுகிறது. எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்தை அகதிக் குடும்பங்களுக்கெல்லாம் முன்மாதிரியாகக் காட்டிய திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதரின் 1952-ஆம் ஆண்டு மடலை மூத்த வாசகர்கள் சிலர் அறிந்திருப்பர். வகுப்புகள் நெரிசலாகின்றன, வரிச்சுமை கூடுகிறது என்று முறையிடும் அமெரிக்கக் குடும்பங்களையும் கல்நெஞ்சர் என்று நாம் ஒதுக்கிவிட மாட்டோம். எனினும் கணக்கு அவர்கள் நினைப்பதுபோல் முடிவதில்லை. கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் பள்ளிகளுக்கு மாநிலம் தரும் பணம், சேர்ந்த பிள்ளைகளின் தொகையைக் கொண்டன்று, நாள்தோறும் வந்த பிள்ளைகளின் சராசரியைக் கொண்டே அளக்கப்படுகிறது. பத்துப் பிள்ளைகள் வராவிடினும் ஆசிரியருக்குச் சம்பளம் அதேதான், விளக்குச் செலவும் அதேதான். வருகிற பணமோ குறைகிறது. அடுத்த பெஞ்சில் அமர்ந்திருக்கும் குடிமகனின் பிள்ளையே அதன் நட்டத்தைத் தாங்குகிறது. மேலும், ஆவணமற்ற பெற்றோரோடு வாழும் பிள்ளைகளுள் பெரும்பாலோர் அமெரிக்க மண்ணிலேயே பிறந்த குடிமக்கள். அத்தகையோர் ஏறக்குறைய 40 இலட்சம் பேர். அஞ்சி வீட்டிலிருக்கும் குழந்தையை நாடு கடத்த எந்தச் சட்டத்திலும் பெரும்பாலும் இடமில்லை. அஞ்சுவது அதற்காக அல்ல, தாய்க்காக.

பள்ளிக்கு வராத பிள்ளைக்கு அன்றைய மதிய உணவும் இல்லை என்பதை நம் தாய்மார்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகவும் குறைந்த விலையிலும் உணவளிக்கும் திட்டம் அங்கு 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடைபெற்று வருகிறது.

இங்கே அயோவா மாநிலத்தின் போஸ்ட்வில் என்னும் சிற்றூரைக் குறிப்பிடாமல் நம் மனம் அமையாது. அதன் மக்கள்தொகை இரண்டாயிரத்துச் சொச்சம். 2008-ஆம் ஆண்டு மே 12, திங்கட்கிழமை காலை, அவ்வூரின் இறைச்சி ஆலையைக் குடியேற்றத் துறையினர் நூற்றுக்கணக்கில் வந்து வளைத்துக்கொண்டனர். வானில் ஹெலிகாப்டர்கள் வட்டமிட்டன. ஒரே நாளில் 389 பேர் கைதாயினர். பெரும்பாலோர் குவாத்தமாலா நாட்டவர், மற்றோருட் பலர் மெக்சிகோ நாட்டவர். அவர்களைக் கொண்டுபோய் அடைத்தது வாட்டர்லூ நகரின் கால்நடைக் கண்காட்சித் திடலில். மறுநாள் அவ்வூர்ப் பள்ளிகளில் சுமார் 600 மாணவருள் பாதிப்பேர் வரவில்லை; ஸ்பானிய வழிப் பிள்ளைகளுள் பத்தில் ஒன்பது பேர் வரவில்லை. அவர்கள் எங்கே இருந்தார்கள்? பலர் தூய பிரிஜித்தம்மாள் ஆலயத்தில் இருந்தனர். அப்பங்கில் அப்போது குருவில்லை. மேய்ப்புப் பணியை நிர்வகித்தவர் அருட்சகோதரி மேரி மெக்காலி. ஆலையில் கலவரம் என்ற செய்தி பரவியதும் தாய்மாரும் பிள்ளைகளுமாக நூற்றுக்கணக்கானோர் ஆலயத்துக்கு ஓடி வந்தனர். இரவில் ஆலயத்திலேயே படுத்து உறங்கினர். ஓய்வு பெற்றிருந்த அருட்தந்தை பால் ஊடர்கிர்க் என்பார் ஓய்வை விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லாத தாய்மார் சிலர், கணுக்காலில் கண்காணிப்புக் கருவி பூட்டப்பட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். அந்தக் கருவியோடே அவர்கள் திருப்பலிக்கும் வந்தார்கள். பங்குத்தந்தையாக இருபத்தைந்து ஆண்டு கழித்துவிட்ட நமக்கு, ஆலயப் பெஞ்சுகளில் உறங்கும் பிள்ளைகளை நினைக்கும்தோறும், அன்றிரவு அத்தனை பேருக்கும் பாலும் போர்வையும் எங்கிருந்து வந்திருக்கும் என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. தொழிலின் பழக்கம், வேறொன்றுமில்லை.

பள்ளிக்கு நேர்ந்தது ஆலயத்துக்கும் நேராதிருக்குமா? கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ ஆயர் ஆல்பெர்ட்டோ ரோகாஸ் 2025 ஜூலை 8-ஆம் நாள் ஓர் ஆணை பிறப்பித்தார். குடியேற்றத் துறையினர்க்கு அஞ்சி ஞாயிறு திருப்பலிக்கு வர இயலாதோர் அக்கடமையினின்று விலக்கப்படுகின்றனர் என்பதே அது. கொள்ளைநோய்க் காலத்தில் இத்தகைய விலக்கை நாம் கண்டிருக்கிறோம். காவலர்க்கு அஞ்சும் காரணத்தால் ஓர் ஆயர் அதை அளிக்க வேண்டி வந்தது நம் நெஞ்சைத் தைக்கிறது. அதே ஆண்டு நவம்பரில் பால்டிமோரில் கூடிய அமெரிக்க ஆயர் பேரவை, நாட்டுக்கு ஒரு சிறப்புச் செய்தி விடுத்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும்போது பிடிபடுவோமோ என்று அஞ்சும் பெற்றோரைக் காணும்போது தாங்கள் துயருறுவதாக அதில் அவர்கள் வெளிப்படையாகவே எழுதினர்.

ஆயர்கள் எழுதினார்கள், மற்றவர்கள் நடந்தார்கள். சிகாகோ நகரின் சில பகுதிகளில் 2025 இலையுதிர் காலத்தில், அண்டை வீட்டார் முறை வைத்துக்கொண்டு, அஞ்சும் பெற்றோரின் பிள்ளைகளைக் கூட்டமாகச் சேர்த்துப் பள்ளிவரை நடத்திக் கூட்டிச் சென்றனர். அதற்கு அரசாணை ஏதும் தேவைப்படவில்லை. காலை ஏழு மணிக்கு எழுந்து குளிரில் நிற்கச் சிலர் இசைந்தால் போதுமானதாயிருந்தது. டைலர் பெற்றோருக்கு நீதிமன்றம் திறந்து கொடுத்த கதவுக்கும் அவர்கள் வீட்டுக்கும் இடையிலுள்ள சாலையை, இவ்வாறு கால்நடையாகவே சிலர் மீட்கின்றனர்.

இன்னொன்றும் உண்டு. மிசிசிப்பி மாநிலத்தில் 2019 ஆகஸ்ட் 7-ஆம் நாள் ஏழு கோழி ஆலைகளில் 680 பேரைக் குடியேற்றத் துறையினர் பிடித்தபோது, சில ஊர்களில் அது பள்ளி திறந்த முதல் நாள். புதுப் பையோடு காலையில் போன பிள்ளைகளுள் சிலர் மாலையில் திரும்பியபோது வீட்டில் எவரும் இல்லை. ஃபாரஸ்ட் என்னும் ஊரில் அத்தகைய பிள்ளைகளை அக்கம்பக்கத்தார் ஓர் உடற்பயிற்சிக் கூடத்துக்குக் கொண்டுபோய் உணவளித்துத் தங்க வைத்தனர். அமெரிக்கப் பள்ளிகளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அவசரத் தொடர்பு அட்டை உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் யாரை அழைப்பது என்பதற்காக ஏற்பட்டது. தாயின் பெயர், தந்தையின் பெயர், தொலைபேசி எண்கள். இப்போது பல ஊர்களில் பள்ளிகள் பெற்றோரை அழைத்து, அவ்விருவரும் வர இயலாது போனால் பிள்ளையை அழைத்துச் செல்ல வேறொருவர் பெயரையும் எழுதித் தருமாறு கேட்கின்றன. சட்டப்படி தங்கியிருப்பவராக, நம்பத்தக்கவராக, அருகில் வாழ்பவராக அவர் இருக்க வேண்டும். அப்பெயரை எழுத முதலில் அவர் இசைய வேண்டும். இசைந்தபின், ஒவ்வொரு நாளும் பள்ளி விடும் நேரத்தில் அவர் தொலைபேசிக்கு அருகில் இருக்க வேண்டும்.